நைரோபியிலிருந்து ‘தப்பித்து’ வந்தோமா?

பதினோரு வருடம் நைரோபியில் வாழ்ந்துவிட்டு டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்தோம். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் தோழி ஒருத்தி, “ஆப்பிரிக்காவா? அங்க கரன்ட்டாவது இருந்துச்சா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானும் சிரித்து, “எப்படியோ தப்பிச்சு வந்துட்டோம்” என்றேன்.

காரில் திரும்பும்போது ஒன்பது வயது மகள் கேட்டாள்: “அம்மா, டிட் வீ எஸ்கேப் ஃப்ரம் ரோஸ் ஆன்ட்டி?”

ரோஸ் நைரோபியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. கணவர் ஊரில் இல்லாத நாளில், பிரசவ வலியில் துடித்த என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இந்த மகளை முதலில் கையில் வாங்கியவள். இங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பார்ட்டியில் சிரித்தவர்களுக்கு நான் இரக்கத்துக்குரியவளாம்!

தோழியைவிட என் மேல்தான் ஆத்திரம். இப்போது யாராவது சிரித்தால், “என் பொண்ணு பொறந்த ஊருங்க அது. எதுக்குச் சிரிக்கிறீங்க?” என்று கேட்கிறேன். பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.