உள்ளங்கைக் கந்தோர்

அந்தத் தொலைபேசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். மேல்பாதியில் கண்ணாடி, கீழ்ப்பாதியில் மாதுளம் பரல் மாதிரி நெருக்கமாக எழுத்துப் பொத்தான்கள்.

சுனாமி எங்கள் வீட்டையும் வளவையும் துடைத்துக்கொண்டு போனபின் தகரக் கொட்டில்களில் இருந்தோம். வீடு கட்டித் தருவதாகச் சொன்ன நிறுவனம் ஒன்றின் உத்தியோகத்தர் கொழும்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். கவிழ்த்து வைத்த மீன் பெட்டியில் உட்கார்ந்து, இரண்டு பெருவிரல்களாலும் அந்தத் தொலைபேசியில் தட்டிக்கொண்டே இருந்தார். பேசுகிறவர்களின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பேப்பர் ஒண்டும் இல்லையா தம்பி?” என்று கேட்டேன்.

“என்ட ஒபீஸே இதுக்குள்ளதான் உம்மா. கடிதம், பட்டியல் எல்லாம் இதிலதான். கம்ப்யூட்டர் செய்யிற வேலை முழுக்க இது செய்யும். இங்க சிக்னல்தான் இல்ல. பெரிய ரோட்டுக்குப் போய்த்தான் அனுப்போணும்.”

ஒவ்வொரு கொட்டிலாக வந்தார். எங்கள் முறை வந்தபோது, என் மகள் பக்கத்தில் நிற்க, மருமகனிடம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டார். அந்த மனிதரும் கேட்டதைச் சொன்னார். நல்லவர்தான், கடலுக்குப் போகிறவர். ஆனால் கந்தோர், ஒபீஸ் என்று வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு வாய் வராது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் தெரியாது. மகள் ஓலெவல் வரை படித்தவள். “எட்டிப் பாரு புள்ள, என்ன எழுதியிரிக்கார் எண்டு” என்றேன்.

பார்த்தாள். “இவர்ட பேர்தான் உம்மா இரிக்கி. என்ட பேர் இல்ல.”

எனக்குத் தலை சுட்டது. அலை கொண்டுபோன வீடு நான் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. என் உம்மா எனக்குத் தந்த வளவில், ஒரு கல்லோடு மறு கல்லைச் சேர்த்து நானும் என் கணவரும் கட்டியது. வீட்டுப் பத்திரம், அந்த உறுதி, அவள் பெயரில் இருந்தது. அந்த உறுதியும் கடலுக்குள் போய்விட்டது. இனி இந்தத் தொலைபேசிக்குள் உள்ளதுதான் உறுதி என்றால், என் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

“தம்பி, ஊடு என்ட புள்ளைட. அவள்ட பேரைப் போடுங்க.”

“குடும்பத் தலைவர் எண்டு ஒரு இடம்தான் இருக்கு உம்மா. தலைவர் எண்டா ஆம்பிளைதானே.”

“உங்கட ஊர்ல அப்படி இரிக்கும். இஞ்ச ஆம்பிளைதான் பொஞ்சாதிட ஊட்டுக்கு வாற. கேளுங்க அவர்ட்ட, வரக்குள்ள என்ன கொண்டு வந்தவர் எண்டு.”

பக்கத்துக் கொட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு, “மாமி செல்றது சரிதான்” என்றார்.

“எழுதினது எழுதினதுதான் உம்மா. இனி மாத்துறதெண்டா கொழும்புல கம்ப்யூட்டர்லதான்” என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்தார். காலையில் அது எல்லாம் செய்யும் என்று சொன்ன அதே வாய்!

கொட்டிலில் இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், அவருடைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

“என்ன உம்மா இது?”

“உங்கட பட்டியல் பெரிய ரோட்டுக்குப் போனாத்தானே போகும். இன்னும் உங்கட கையிலதான் இரிக்கி. எனக்கு அவசரமில்ல தம்பி. துடைக்கிறதுக்கு ஊடும் இல்ல, ஆக்குறதுக்கு அடுப்பும் இல்ல.”

வெயில் ஏறியது. லுஹர் பாங்கு சொல்லும் மதிய நேரமும் ஆனது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மீன் பெட்டியில் உட்கார்ந்தார். மருமகனின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தன் பெயரைத் தட்டுவதைக் கடைசி எழுத்து வரை வாசித்தாள். “சரி உம்மா” என்று அவள் சொன்ன பிறகுதான் கதிரையை எடுத்தேன். வென்றுவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

நாலைந்து வருடம் கழித்து, யுத்தம் முடிந்த வருடம்தான் வீட்டுப் பத்திரங்களைக் கொடுத்தார்கள். மேடை, பந்தல், ஒலிபெருக்கி. எங்கள் வரிசையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஆண்களே எழுந்து போனார்கள். நடுவில் ஒரேயொரு பெண் பெயர், என் மகளுடையது. அவள் போய் வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

அன்று சிரித்தாளே பக்கத்துக் கொட்டில்காரி, அவளுடைய வீடும் அவள் உம்மா கொடுத்த சீதனம்தான். இடையில் அவள் புருஷன் வேறு ஊரில் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போயிருந்தார். அன்றைக்குப் பத்திரம் வாங்க மட்டும் வெள்ளைச் சட்டையோடு வந்தார், வாங்கினார், போனார்.

அவள் என்னிடம் வந்து நின்றாள்.

“அந்தப் பட்டியல் முழுக்க அந்தாள்ட கையிலதானே இருந்திச்சி. கதிரையப் போட்டுக் குந்தினீங்க. எங்கட பேரையும் மாத்தச் செல்லியிருந்தா என்ன, மாமி?”

அந்த உத்தியோகத்தர் மேல் எனக்குள்ள கோபம் குறையவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அதில் பாதி என் மேல்தான். கதிரையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். எனக்குத்தான் அவசரமில்லையே.