பாயசம் குடித்த தொட்டி

பாண்டிமீனா எதற்கும் மூக்கைப் பொத்துகிறவள் அல்ல. பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் அடுத்தவர் தொழுவத்தில் சாணி அள்ளியும் வளர்ந்தவள். கல்யாணமாகி மதுரைக்கு வந்ததிலிருந்து ஆனையூரில் ஒரு லைன் வீட்டில்தான் குடித்தனம். புருஷன் மலைச்சாமி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் வெங்காய மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அதற்குப் பிறகு அவரால் வாசல் வரைக்கும்தான் நடக்க முடிந்தது. பாண்டிமீனா அழகர்கோவில் ரோட்டிலிருந்த ‘மருதநிழல்’ ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள்.

அங்கே அறைகளும் உண்டு, கல்யாண மண்டபமும் உண்டு. முகூர்த்த நாளென்றால் எச்சில் இலை மலைபோலக் குவியும். கூட வேலை செய்தவர்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வார்கள். பாண்டிமீனா வெறுங்கையோடு இறங்குவாள். தலைமைச் சமையல்காரர் நல்லகாமன் பந்தி முடிந்ததும், அண்டாவில் கை படாமல் மிஞ்சியதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். “மலைச்சாமிக்குப் பாயசம் பிடிக்கும்ல, தாயி, இந்தா” என்று அவளுடைய தூக்குவாளியை நிரப்பித் தருவார். மீதி, பக்கத்திலிருந்த ஆதரவற்றோர் இல்லத்துக்கு ஆட்டோவில் போகும். கல்யாண நாட்களில் மலைச்சாமி மத்தியானம் சாப்பிடாமல் காத்திருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் முதலாளியின் மகன் சூரியபிரகாஷ் படிப்பு முடிந்து வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். கெட்ட பிள்ளை இல்லை. வேலைக்காரர்களை ‘அக்கா, அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். மொட்டை மாடி முழுக்க சோலார் தகடு பதித்தார். குளித்த தண்ணீரைச் சுத்தம் பண்ணித் தோட்டத்துக்குத் திருப்பினார். கோடையில் வரிசை கட்டி நின்ற தண்ணீர் லாரிகள் எப்போதாவதுதான் வந்தன. கரண்டு பில் பாதியானது. கடைசியாக, சமையலறைக்குப் பின்னால் குழி வெட்டி, சாப்பாட்டுக் கழிவிலிருந்து கேஸ் எடுக்கும் தொட்டி ஒன்றைக் கட்டினார். கழிவைக் கூழாக்கிக் குழாய்க்குள் தள்ள ஓர் அரவை மெஷினும் வந்தது. அதில் போடுவதைப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். நாற்றத்துக்கு அசராதவள் என்று பாண்டிமீனாவைக் கைகாட்டினார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடியது.

அருவருப்பு என்றால் என்னவென்று அவளுக்கு அந்த வேலையில்தான் தெரிந்தது. சாணி ஒரே மாதிரி நாறும், அதற்கு மூக்கு பழகிவிடும். இது தினமும் வேறு மாதிரி நாறியது. எலும்பு, எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, காகிதம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். கடித்துவிட்டு வைத்த லட்டு, கை துடைத்துப் போட்ட பூரி, சாம்பாருக்குள் துப்பிய வெற்றிலை. ஒருநாள் தயிர்சாதத்துக்குள்ளிருந்து ஒரு பல்செட் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதைத் தேடிக்கொண்டு வந்த பெரியவர், கழுவக்கூடச் சொல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் டீகூடக் குடிக்கவில்லை.

இருந்தாலும் அடுப்பில் முதன்முதலாக அந்த கேஸ் நீலமாக எரிந்தபோது அவளும் போய்ப் பார்த்தாள். நாற்றமே இல்லை. நல்லகாமன் அதில் பால் காய்ச்சி அவளுக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தார். மாதம் வாங்குகிற சிலிண்டர் குறைந்தது. குப்பை வண்டிக்கு அழுத காசும் மிச்சம். சூரியபிரகாஷ் வரவேற்பறையில் ஒரு பெரிய திரையை மாட்டி, அன்றன்றைக்கு எவ்வளவு கேஸ் உண்டானது என்று அதில் ஓட விட்டார். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு மொத்தமாக அறை பிடித்தார்கள். வாடகை ஏறியது. அப்படியும் அறை கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது.

ஆடி மாதம் பிறந்தது. கல்யாணம் இல்லை, எச்சிலும் இல்லை. திரையில் ஓடிய எண் சரிந்துகொண்டே போனது. ‘பசுமை விடுதி’ என்று சான்றிதழ் கொடுப்பவர்கள் ஆவணியில் பார்வையிட வருவதாக இருந்தது. சூரியபிரகாஷ் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் மிஞ்சிய சாப்பாடு ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது என்றார். வாசலில் காவலாளி பைகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். ஆதரவற்றோர் இல்லத்து ஆட்டோ இரண்டு தடவை வந்து வெறுமனே திரும்பியது. மூன்றாவது தடவை வரவில்லை.

ஆவணியின் முதல் முகூர்த்தத்தன்று விடியற்காலையிலிருந்து மழை கொட்டித் தீர்த்தது. வெளியூர் பஸ்கள் வந்து சேரவில்லை. பாதிப் பந்தி காலியாகவே கிடந்தது. மத்தியானம் சமையலறையில் வெஜிடபிள் பிரியாணி ஒரு அண்டா, பால் பாயசம் ஒரு அண்டா, கரண்டி படாமல் ஆவி பறக்க நின்றன. நல்லகாமன் சுவரைப் பார்த்தபடி நின்றார். சூரியபிரகாஷ் எட்டிப் பார்த்து, “அக்கா, மெஷின்ல போட்டுருங்க” என்றார்.

“அம்புட்டையுமா சார்? நல்ல சோறு. இன்னும் சுடுது.”

“எனக்கும் கஷ்டமாத்தான்க்கா இருக்கு. வெளிய குடுத்து யாருக்காச்சும் வாந்தி பேதி ஆனா, நம்ம பேருதான கெட்டுப்போகும்?”

“இம்புட்டு வருசமா தின்னோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலயே சார்?”

“வியாழக்கிழமை ஆபீசருங்க வாராங்க. எண்ணு ஏறணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பாண்டிமீனா வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். பிரியாணி சத்தமில்லாமல் போனது. பாயசத்தில் கிடந்த முந்திரிதான் மெஷினுக்குள் நறுக் நறுக்கென்று அரைபட்டது. பாலும் ஏலக்காயும் நெய்யும் சூடாக அந்தக் குழாய் வாய்க்குள் இறங்க, உள்ளிருந்து பழைய புளித்த நெடி எதிரே ஏறி வந்தது. நல்ல மணமும் கெட்ட நாற்றமும் ஒரே மூச்சில் முகத்தில் அடித்தன. எச்சில் இலைக்கு அசராதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். நல்லகாமன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு மீதியையும் ஊற்றி முடித்தாள்.

வீட்டில் மலைச்சாமி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “என்ன, வெறுங்கையோட வாரே?”

“கூட்டம் அலைமோதிருச்சு. ஒண்ணும் மிஞ்சல” என்றாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். ஏலக்காய் வாசம் போகவில்லை. காலையில் வடித்த சோற்றில் ரசத்தை ஊற்றி அவருக்குக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை.

ஆவணி முழுக்க அதுவே நடந்தது. சான்றிதழ் கிடைத்தது. பச்சைக் கோட்டு மாட்டிவிட்டு அவளைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வந்தவர்களில் ஓர் அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, “நீங்க பூமியைக் காப்பாத்துறீங்க” என்றார். பாண்டிமீனாவுக்கு அந்தக் கையை உதறிவிட வேண்டும்போல இருந்தது.

ஐப்பசியில் தொட்டி கெட்டுப்போனது. நெய்யும் சர்க்கரையும் அளவுக்கு மீறிப் போய் உள்ளே எல்லாம் புளித்துவிட்டது என்றார் கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக். கேஸ் நின்றது. அழுகின முட்டை நாற்றம் மண்டபத்துக்குள் நுழைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த பெண்கள் பட்டுச்சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். பெண்ணின் தகப்பனார் சூரியபிரகாஷைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் ரோடு வரைக்கும் கேட்டது. வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். பல நாள் தொட்டிக்குள் எதுவுமே போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக்.

அதன்பிறகு மிஞ்சின சோற்றுக்கு வழி திறந்தது. ஆனால் பழையபடி தூக்குவாளியில் இல்லை. ஹோட்டல் பெயர் அச்சடித்த அட்டைப் பெட்டியில் கட்டி, வாசலில் பந்தல் போட்டு, ‘ஒரு பருக்கையும் வீணாக்காத விடுதி’ என்று பேனர் கட்டினார்கள். கேமராக்காரர் வந்து நின்றார். முன்பு வயிற்றுப்போக்கு வரும் என்று சொன்ன அதே சாப்பாடுதான். அந்தப் போட்டோக்களைப் பார்த்துத் தை மாதத்துக்கு வரிசையாகக் கல்யாண புக்கிங் வந்தது. சூரியபிரகாஷ் பெட்டியை நீட்டி, “அக்கா, நீங்க முதல்ல வாங்குங்க. ரெண்டு கையும் நீட்டி, லேசாச் சிரிங்க” என்றார்.

“எனக்கு வேணாம் சார்.”

“வீட்டுல அண்ணனுக்குக் கொண்டு போங்க.”

“அவருக்கும் வேணாம்.”

பின்கட்டில் நல்லகாமன் அவளை மறித்து ஒரு பெட்டியை நீட்டினார். “கோவத்தை அவுக மேல காட்டு, தாயி. மலைச்சாமி என்ன செஞ்சாரு?” அவள் வாங்கிக்கொண்டாள். மலைச்சாமி அன்றைக்குப் பாயசத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டார். “நீ ஒரு வாய் தின்னேன்” என்று நீட்டினார். ஏலக்காய் வாசம் பட்டதுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோலாரிலும் தொட்டியிலும் போட்ட பணம் எதிர்பார்த்ததற்கு முன்பே திரும்பிவிட்டதாம். இப்போது ஊருக்கு வெளியே இன்னொரு ஹோட்டல் எழும்புகிறது, இதைவிடப் பெரிய தொட்டியோடு. அங்கே தொட்டிப் பொறுப்பைப் பாண்டிமீனா எடுத்துக்கொண்டால் சம்பளத்தை நன்றாகவே ஏற்றித் தருவதாகச் சூரியபிரகாஷ் கூப்பிட்டுச் சொன்னார்.

“அங்கயும் நல்ல சோத்தைக் கொட்டணுமா சார்?”

“தேவைப்பட்டா கொட்டித்தான்க்கா ஆகணும்” என்றார். பொய் சொல்லாததற்காக அவள் மனசுக்குள் அவரைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்.

“அப்ப நான் வரல. என்னைய சலவைக்கு மாத்தி விட்டுருங்க.”

சம்பளம் பழைய இடத்துக்கே இறங்கியது. மலைச்சாமி ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பாண்டிமீனா இப்போது சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு அலசுகிறாள். மாடித் தகட்டில் காய்ந்த வெந்நீர் குழாயில் சுடச்சுட வருகிறது. மார்கழிக் குளிரில் அதற்குள் கை வைத்தால் சுகமாக இருக்கிறது. அதைக் குறை சொல்ல அவளுக்கு ஒன்றுமில்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மட்டும், வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறாள். அந்த ஹோட்டலில் ஆக்கிய எதையும் அவளால் வாயில் வைக்க முடியவில்லை.