கண் பரிசோதனைக்குப் பயந்து ஒளிந்தேன்

1961-இல் விருதுநகரில் புகுமுக வகுப்பில் சேர்ந்து, கல்லூரி விடுதியில் தங்கியிருந்தேன். புத்தகங்களை ஓயாமல் வாசிப்பேன். கரும்பலகை மட்டும் புகை மூட்டமாகத் தெரியும். முதல் தேர்வில் கணக்கில் தோற்றேன். ஆண்டுத் தேர்விலும் தோற்றால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை (நாட்குறிப்பில் இருக்கிறது) மாணவர்களின் கண்களைப் பரிசோதிக்க டாக்டரும் ஒரு நர்ஸம்மாவும் வந்தார்கள். நான் நூலகத்தில் ஒளிந்துகொண்டேன். எங்கள் ஊரான ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் பார்வை மங்கியவர்களை வெடிமருந்து அறைக்குள் விடமாட்டார்கள். என் சித்தப்பாவை அப்படித்தான் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கல்லூரியிலும் அதுதான் நடக்கும் என்று நம்பினேன்.

அறைத்தோழன் சுப்பையா தேடி வந்துவிட்டான். "ஏலே, பஸ் போர்டைக்கூட நான்தாம்லே ஒனக்கு வாசிச்சுச் சொல்லுதேன். பரீட்சையும் நானே எழுதணுமோ? எந்திரிலே!" என்று இழுத்துக்கொண்டு போனான்.

நர்ஸம்மாவிடம் சித்தப்பா கதையைச் சொல்லி, "என்னையும் அனுப்பிருவீகளாம்மா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "எய்யா, இங்கன என்ன வெடிமருந்தா கலக்கப் போறீக? முன் பெஞ்சுல உக்கார வைக்கச் சொல்லுதோம், கண்ணாடிக்கும் எழுதித் தாரோம். அதுக்குத்தானே வந்திருக்கோம்!"

மறுநாளே முன் பெஞ்சு கிடைத்தது. கண்ணாடி ஐப்பசியில் வந்தது. ஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறினேன்.

பின்னாளில் மல்லாங்கிணற்றில் ஆசிரியரானேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் முதல் நாளன்று, கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைக் கரும்பலகையை வாசிக்கச் சொல்வேன். தடுமாறும் பிள்ளையை, மற்றவர்கள் சிரிப்பதற்குள் முன்னால் கூட்டி வந்து உட்கார வைத்துவிடுவேன்.