வயரெல்லாம் பிடுங்கிய பிறகு

நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், பரவாயில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். தென்காசியில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். எந்த அதிசயத்துக்குப் பின்னாலும் ஒரு லூஸ் வயர் இருக்கும் என்பது என் கட்சி.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, குற்றாலத்தில் சீசன் நேரம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இலஞ்சியில் தேங்காய் வியாபாரம் செய்த சண்முகம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவருடைய ஒரே மகள் செண்பகம் தலைப்பிரசவத்தில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை மட்டும் பிழைத்தது. மகளின் கல்யாண கேசட்டைப் போட்டால் முகம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம்.

மத்தியானம் போனேன். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் அக்கா டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளறைத் தொட்டிலில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அக்கா திரும்பவே இல்லை.

"அவ அதைத் தொட மாட்டேங்கா. பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து பால் கொடுக்கா," என்று அண்ணாச்சி என் காதோடு சொன்னார்.

மாடியில், திருவனந்தபுரம் நிலையத்துக்காக உயரமாக ஒரு ஆன்டெனா. அதிலிருந்து சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர், பூஸ்டரிலிருந்து கேசட் போடுகிற வீடியோ டெக், டெக்கிலிருந்து டிவி. நிலையமும் டெக்கும் ஒரே சேனலில் மோதுகின்றன என்று நினைத்து ஆன்டெனா வயரைக் கழற்றினேன். அப்படியும் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு மணப்பெண் மங்கலாக நின்றாள். பூஸ்டரை அணைத்தேன், டெக்கின் சேனலை மாற்றி டிவியையும் அதற்கு ட்யூன் செய்தேன், போகவில்லை. கடைசியில் கேசட்டை எடுத்து, டெக்கை அணைத்து, அந்த வயரையும் டிவியிலிருந்து பிடுங்கினேன். இனி வெறும் புள்ளிகளும் இரைச்சலும்தான் வர வேண்டும்.

புள்ளிகள் வந்தன. நம்பினால் நம்புங்கள், அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு முகம் கூடி வந்தது. செண்பகம்தான், ஆனால் பட்டுப்புடவை இல்லை, மாலை இல்லை. ரெட்டைச் சடை, ஆஸ்பத்திரிப் பச்சை அங்கி. வாய் அசைந்தது, எனக்கு இரைச்சல் மட்டுமே கேட்டது. வயர் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா போறேன்ட்டி, இந்தா போறேன்!" என்று அக்கா எழுந்து ஓடினார். தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதறினார். நான் திரும்பிப் பார்த்தபோது முகம் போயிருந்தது.

"பிள்ளைக்குப் பசிக்கு, எடும்மான்னு சொல்லுதா. உங்களுக்குக் கேக்கலையா?" என்றார் அக்கா. அவருக்கு முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். நான் பார்த்ததைச் சொன்னேன். பிரசவ அறைக்குக் கொண்டுபோகும்போது நர்ஸ் அப்படித்தான் ரெட்டைச் சடை பின்னிவிட்டாளாம்.

அண்ணாச்சிக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் ஏன்லே வரல?"

அதன்பிறகு அடிக்கடி கூப்பிடுவார். அதே வரிசையில் வயர்களை மாட்டச் சொல்வார், அதே வரிசையில் பிடுங்கச் சொல்வார். புள்ளிகளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றும் வராது. "லோடு ஏத்தப் போயிட்டேன்லே. அவ போகையில நான் பக்கத்துல இல்ல. அந்தக் கோவமா இருக்குமோ?" என்பார். ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

அடுத்த வருஷம் பிக்சர் ட்யூப் போய், டிவியை என் கடைக்கு அனுப்பினார். புது ட்யூப் மதுரையிலிருந்து வரத் தாமதமானது. அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று இலஞ்சிக்குப் போனேன். அண்ணாச்சி சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, பேத்தியை மடியில் வைத்திருந்தார். அப்படி ஒரு நிம்மதியை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"ஏலே, நேத்து மத்தியானம் எம்புள்ள வந்துட்டா. அப்பான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டா."

"எங்கன வச்சு, அண்ணாச்சி?"

"எங்கனயா? டிவியிலதான்."

அவர் கை காட்டிய மேஜையில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. அந்த டிவி அந்த வாரம் முழுக்க என் கடையில், பின்மூடி கழற்றி, ட்யூப் இல்லாமல், வெறும் கூடாகக் கிடந்தது.