என் சுருதிச் செயலியை நான் மூடவில்லை

சிங்கப்பூரில் என் புக்கிட் பாஞ்சாங் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஏழு ஆண்டுகளாக ஒரே ஒரு செயலியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டுப் பயிற்சிக்குத் தம்புராவும் தாளமும் தரும் செயலி. கம்பெனி கிடையாது. நான்தான் எல்லாம்.

போன வருடம் தேக்கா உணவுக்கடை ஒன்றில் பழைய அலுவலக நண்பனைச் சந்தித்தேன். தே தாரிக் தேநீரை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியை நீட்டினான். என் செயலியைப் போலவே ஒன்று அதில் ஒலித்தது.

"ஏஐகிட்ட சொன்னேன், ஒரே மத்தியானத்துல செஞ்சு குடுத்துடுச்சு. நீ ஏழு வருஷத்த வேஸ்ட் பண்ணிட்ட லா. பேசாம வேற ஜாப் தேடு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எனக்கு அனுப்பு. பாடுறவங்ககிட்ட குடுத்துப் பார்க்கிறேன்."

மறுநாள் உட்லண்ட்ஸில் இருக்கும் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கைப்பேசி படித்துச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் என் செயலியை இயக்குவார். நண்பனின் செயலியில் விரலை ஓட்டினார். "பட்டன். பட்டன். பட்டன்" என்றது கைப்பேசி.

"என்னக்கா, எனக்கு விடுகதை போடுதா?" என்று சிரித்தார்.

உள்ளூர மகிழ்ந்துபோய் அங்கிருந்தே நண்பனை அழைத்துச் சொன்னேன். டீச்சர் எனக்கு மைலோ கலக்குவதற்குள் திருத்தி அனுப்பிவிட்டான். இப்போது ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொன்னது. டீச்சர் மைலோ கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"கடுப்பா இருக்கா?"

"ரொம்ப."

"உங்க ஃபிரெண்ட் உங்களோடதப் பார்த்துத்தானே செஞ்சார்? யாரும் செய்யாதது ஒண்ணு சொல்றேன். பாடிக்கிட்டே காலத்த, அதான் தாளத்தோட வேகத்த, குறைக்கணும்னா போனத் தடவித் தேட வேண்டியிருக்கு. மடியில ரெண்டு தட்டு தட்டினா குறையணும். முடியுமா?"

"முடியும்" என்றேன், எப்படி என்று தெரியாமலேயே.

மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். நானும் ஏஐயிடம் கேட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்றது. ஆனால் பாடும்போது தொடையில் சாதாரணமாகத் தாளம் போட்டாலே, அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு காலம் தடுமாறியது. கடைசியில் டீச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து, சேலையிலும் சுடிதாரிலும் அவர் தட்டும் ஓசையைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். முதல்முறை அவர் மடியில் தட்டியதும் தாளத்தின் வேகம் குறைந்தபோது, பாட்டை நிறுத்தாமலேயே என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

நண்பன் கேள்விப்பட்டு அழைத்தான். "இதையும் நான் செஞ்சிடுவேன்."

"செய் லா. அதுக்குள்ள நான் அடுத்தது ஆரம்பிச்சிடுவேன்."

செய்தும் விட்டான். என்னிடம் வாங்கியவர்களில் சிலர் அவனிடம் போனார்கள். டீச்சர் போகவில்லை. அவரும் போயிருந்தால்கூட நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருக்க மாட்டேன். இந்த வாரம், பாடுபவர் மூச்சு வாங்க நின்றால் தாளமும் காத்திருக்கும்படி ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. வரும்வரை விடப்போவதில்லை.