ஆந்தையைப் பறிமுதல் செய்ய வந்தவர்

இன்று காலை ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கரும்பு வெட்டிய வயலில் இறக்கை ஒடிந்து கிடந்த ஆந்தையை நான் வீட்டில் வைத்திருப்பதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

"காட்டுப் பறவைய வூட்ல வச்சிருக்க பர்மிட் வேணும்மா. இருக்கா?"

"பர்மிட் வாங்கிட்டா அதுக்கு இறக்கை ஒடிஞ்சுது?" என்றேன்.

"சட்டம்மா. பறிமுதல் பண்ணணும்."

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் எலி பிடித்துப் போட ஆளில்லாத ஆபீசில் அது எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்க அந்தப் படிப்பே போதும்.

"அங்க அதுக்கு யாரு இரை போடுவா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். "எடுத்துக்குங்க சார்."

ஆந்தை அவரை உற்றுப் பார்த்தது. அவர் பின்னால் நகர்ந்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. வூட்ல புள்ளத்தாச்சி வேற இருக்கா. இதப் போயி சைக்கிள்ல வச்சுக்கிட்டு..."

"சட்டத்துக்கு வெள்ளிக்கிழமை லீவா சார்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, பறிமுதல் பண்ணியாச்சுன்னு வச்சுக்குங்க. ரேஞ்சர் சொல்ற வரைக்கும் உங்க பொறுப்புலயே இருக்கட்டும்."

ஆக, ஆந்தை இப்போது அரசாங்கத்துச் சொத்து. எலி பிடிப்பது மட்டும் நான். இறக்கை கூடியதும் பறக்க விடுவேன், அதற்கும் யாரிடமும் கேட்கப்போவதில்லை.

ஆந்தை முகத்தில் விழித்தால் காரியம் ஆகாது என்று என்னைத் திட்டிய தெருக்காரர்களே, தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். இன்று யார் காரியம் ஆனது, சொல்லுங்கள்?