காது கேளாதவரைக் கச்சேரிக்கு இழுத்துப் போனேன்

போன தவக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு காதும் ஒரே நாளில் போயின. அவர் சங்கு குளிக்கிறவர். சளி பிடித்திருந்தால் கடலில் முங்கக் கூடாது என்று எங்கள் கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இவர் "ஒண்ணும் செய்யாதுளா" என்று போனார். செவிப்பறை கிழிந்து, காதில் ரத்தத்தோடு வந்தார். அப்புறமாவது ஆஸ்பத்திரிக்குப் போனாரா? பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு படுத்தார். சீழ் வைத்துவிட்டது.

எதையும் பத்துத் தடவை கத்த வேண்டும். என் தொண்டை போனதுதான் மிச்சம். படகில் கூப்பிட்டால் கேட்காதவரை யார் கடலுக்குக் கூட்டிப் போவார்கள்? இனி இவர் கதி என்ன என்று பயந்தேன். ஒரு நாள் கோயிலில் மாதா முன் நின்று, "தாயே, அந்த மனுஷனுக்குத்தான் கேக்கல, ஒமக்குமா கேக்கல?" என்று கத்திவிட்டேன். செபமாலை சொன்னவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அந்த ஞாயிறே பூசையில் சாமியார் அறிவித்தார். எங்கள் திருவிழாவில் மாதா கீர்த்தனை பாடிய பாடகி அம்மாவின் நினைவு நாளுக்குக் கச்சேரி, கூடவே இலவசக் காது முகாம். அந்த அம்மா முருகனைக் கும்பிட்டவர். கர்நாடக சங்கீதத்தில் பெரிய பெயர். "கேக்கிறவங்களுக்கு இவ்வளவு நாள் பாடிட்டேன், கேக்காதவங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்று சொல்லி, கச்சேரியில் வருவதையெல்லாம் காது வைத்தியத்துக்கே கொடுத்தவர்.

இவருக்கு விவரத்தை எழுதிக் காட்டினேன். "செவிடனுக்கு எதுக்குளா கச்சேரி?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கையைப் பிடித்து இழுத்துப் போனேன். முகாம் டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டினார். என் பங்குக்கு நானும் திட்டினேன். ஒரு வழியாக ஆபரேஷன் நடந்தது.

கட்டுப் பிரித்தும் பல நாள் பலனில்லை. தினமும் காலையில் அந்த அம்மாவின் மாதா பாட்டைப் போட்டு, செபம் சொல்லிக்கொண்டே சமைப்பேன். இவருக்குக் கேட்கட்டும் என்று நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டினேன். ஒரு நாள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏளா, சத்தத்தக் கொற. தல வலிக்கி."

கரண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாதாவே, நன்றி.

இப்போது அவர் முங்குவதில்லை. கரையில் சங்கு தரம் பிரிக்கிறார். யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு படகேற வந்தால், "ஏலே, வீட்டுக்குப் போ" என்று விரட்டுகிறார்.

அன்பானவர்களே, அழகாகச் செபிக்கத் தெரியாவிட்டால் என்னைப் போல் சண்டையாவது போடுங்கள். தாய் கேட்பாள். அந்தப் பாடகி அம்மாவின் ஆன்மாவுக்காக ஒரு செபமும் சொல்லுங்கள். என் வீட்டுப் பக்கம் வந்தால் மட்டும் கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கள். இங்கே ஒருவருக்கு நன்றாகவே கேட்கிறது.